நான் பார்க்காத கழுத்து

என் மகனே,

முந்தநாள் நீ போனில் கேட்ட கேள்விக்கு, "மோட்டர் ஓடுது, பேந்து கதைக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மோட்டர் ஓடவில்லை. நான் குசினி வாசலில் சும்மாதான் நின்றுகொண்டிருந்தேன். "ஏன் அப்பா என்னட்ட ஒரு சொல்லும் சொல்லாமல் அம்மாவை யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் காட்டினனீங்கள்?" என்று கேட்டாய். நீ கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபமாக ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாய். பதில் என்னிடம் இருந்தது, வாயால் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. ஆகவே அம்மா முன்பள்ளிக்குப் போனபிறகு குசினி மேசையில் இருந்து, அவள் படிப்பிக்கிற பிள்ளைகள் படம் கீறும் கொப்பியில் நாலைந்து தாளைக் கிழித்து இதை எழுதுகிறேன். அடுத்த வியாழக்கிழமை அவளுக்கு ஒப்பரேசன். அதற்கு முன் நீ இதை வாசித்துவிட வேண்டும் என்பதால் தபாலை நம்பாமல், நீ படிப்பிக்கிற புதுக்குடியிருப்புக்கு வருகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடப் போகிறேன்.

பதில் இதுதான். எனக்கு உன்மேல் பொறாமை. தகப்பன் பெற்ற பிள்ளைமேல் பொறாமைப்படுவானா என்று நினைப்பாய். படுவான். ஊரில் எவன் புது உழவு மெசின் வாங்கினாலும் எனக்கு வயிறு எரிந்ததில்லை. பக்கத்து வயல்காரனுக்கு என்னைவிட ஏக்கருக்கு நாலு மூட்டை கூட விளைந்தபோதுகூட இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு மறந்துபோனேன். உன் அம்மா உன்னைப் பார்க்கிற பார்வை மட்டும் எனக்கு அன்றிலிருந்து இன்றுவரை பொறுக்கவில்லை. இதைச் சொல்லாமலே செத்துப்போயிருப்பேன். இப்போது அவளுடைய நோயைப் பற்றி முடிவெடுக்கிற இடத்திலும் இந்தப் பொறாமை வந்து குந்திக்கொண்டதால் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அது தொடங்கிய நாள் உனக்கும் ஞாபகம் இருக்கும். காலபோக நெல் வெட்டு முடிந்த கையோடு ஒரு சனிக்கிழமை நீ வந்திருந்தாய். மூன்று பேரும் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். நான் உனக்கு நெல் விலை பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, நீ என் கதையைக் கவனிக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "அம்மா, இன்னொருக்கா ஒரு மிடறு குடியுங்கோ" என்றாய். அவள் குடித்தாள். "இன்னொரு மிடறு." மறுபடியும் குடித்தாள். "கழுத்தில என்னவோ ஏறி இறங்குது அம்மா" என்று நீ எழும்பிப் போய்க் கதிரைக்குப் பின்னால் நின்று, இரண்டு கையாலும் அவளுடைய கழுத்தைத் தொட்டுப் பார்த்தாய். விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்றாலும் நீ டொக்டர் இல்லை. ஆனாலும் உன் விரல் சரியான இடத்தில் போய் நின்றது. அம்மா உடனே, "ஓம் தம்பி, ரெண்டு மூண்டு மாதமாக் கிடக்கு" என்றாள். நான் இடையில் புகுந்து, "என்னட்ட ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "சொன்னா நீங்கள் சத்தம் போடுவியள்" என்றாள். நான் சத்தம் போட்டேன். அது உப்புக் காணாமல் வருகிற கழலை, அதற்கெல்லாம் ஆஸ்பத்திரி எதற்கு என்று பெரிய விளக்கம் கொடுத்தேன்.

நீ அன்று பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டாய். நான் அந்த விறாந்தையிலேயே இருந்து யோசித்தேன். முப்பத்தொரு வருடமாக ஒவ்வொரு நாளும் அவளுக்கு முன்னால் இருந்து தேத்தண்ணி குடிக்கிறவன் நான். தாலி கட்டும்போது அந்தக் கழுத்தில்தான் மூன்று முடிச்சுப் போட்டேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் நிற்கிற நீ, ஒரு மிடறு தேத்தண்ணியில் கண்டுபிடித்துவிட்டாய். அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்ற பயம் எனக்கு வந்தது உண்மைதான். ஆனால் பயத்துக்கு முன்னால் வந்தது எரிச்சல். அதை ஒளித்து என்ன பயன்?

பிறகு அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக். ஊசியால் குத்தி எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்த்த ரிப்போர்ட் வந்த செவ்வாய்க்கிழமை நீ பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாய். நான் வெள்ளைச் சேர்ட் போட்டு, கிளினிக் கொப்பியை ஒரு பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, வெளியே போட்டிருந்த மர வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவளுடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் எழும்பினேன். அவள் என் கையிலிருந்த பையை வாங்கி உன்னிடம் தந்துவிட்டு, "தம்பிக்குத்தான் இதுகள் விளங்கும். நீங்கள் இதில இருங்கோ" என்றாள். ஊரார் நிறைந்த அந்த இடத்தில், எழும்பி நின்ற நான் மறுபடி இருந்தேன். இருபது நிமிடம் இருக்கும். கதவு திறந்து நீங்கள் இரண்டு பேரும் வெளியே வந்தபோது அம்மா உன் கையைப் பிடித்திருந்தாள். உன் முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது. கான்சர் என்ற சொல்லை நான் டொக்டரின் வாயால் கேட்கவில்லை. உன் வாயால்தான் கேட்டேன். அவளுடைய சொந்தப் புருஷன், வாங்கில் இருந்து, இரண்டாம் கையாகக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நீ ஒன்றும் விடாமல் விளங்கப்படுத்தினாய். தைரொயிட் சுரப்பியில் வருகிற வகைகளில் இது மெதுவாக வளர்கிற வகை, சுரப்பியை முழுதாக எடுத்துவிட வேண்டும், பிறகு வாழ்நாள் முழுக்கத் தினமும் ஒரு குளிசை, குடிக்கத் தருகிற அயடின் மருந்தோ வேறு சிகிச்சையோ தேவையா என்று பிறகு பார்ப்பார்கள். எல்லாம் வடிவாகத்தான் சொன்னாய். நான், "இன்னொரு டொக்டரிட்டக் காட்டிக் கேப்பம்" என்றேன். நீ, "ஏன் அப்பா? ரிப்போர்ட் தெளிவாக் கிடக்கு. இவர் நல்ல டொக்டர். திகதி கிடைச்சதே பெரிய காரியம்" என்றாய். "பயிர் மஞ்சள் அடிச்சா நான் மூண்டு பேரிட்ட இலையைக் காட்டிக் கேக்கிறனான். இது மனிசி" என்றேன். நியாயமான பேச்சுத்தான். இன்றும் அது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அன்று என் வாயில் வந்த நியாயத்துக்கு அடியில் கிடந்தது வேறு. முதல் டொக்டர் உன்னுடைய டொக்டர். எனக்கென்று ஒரு டொக்டர் வேண்டியிருந்தது. அவருடைய அறைக்குள் நான் போக வேண்டும், அவர் என்னிடம் சொல்ல வேண்டும், அதை நான் வந்து உனக்கு விளங்கப்படுத்த வேண்டும். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "தம்பி சொன்னாச் சரிதானே" என்றாள். அந்தக் கதை அன்றோடு முடிந்ததென்று நீ நினைத்தாய்.

இந்தக் குணம் எனக்கு நேற்று வந்ததில்லை. நீ பிறந்தபிறகு மீன் சினை எனக்குக் கிடைக்கவில்லை. அதுவரை குழம்புச் சட்டிக்குள் இருக்கிற சினை என்னுடைய கோப்பைக்குத்தான் வரும். நீ சோறு தின்னத் தொடங்கிய நாளிலிருந்து அது உன்னுடைய கோப்பைக்குப் போனது. இதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. சண்டைக் கடைசியில் உடையார்கட்டில் தறப்பாள் கூரைக்குக் கீழே இருந்தோமே, உனக்கு அப்போது பதினொரு வயது. ஒருநாள் செல் வந்து விழத் தொடங்க எல்லோரும் பங்கருக்குள் ஓடினோம். நான் கடைசியாக வந்து வாசலிலேயே குந்திவிட்டேன். உள்ளே இடம் இருந்தது, பதற்றத்தில் இறங்கத் தோன்றவில்லை. அம்மா உன் தலையைத் தன் மடிக்குள் அமுக்கிக்கொண்டு உனக்கு மேலே கவிழ்ந்து கிடந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "உள்ள வாங்கோ" என்று ஒருமுறை அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நெருப்பு விழுகிற நேரத்தில் ஒரு வளர்ந்த மனிதனுக்கு வந்த நினைப்பு அதுதான். பிள்ளையைக் காப்பாற்றுகிற தாயைப் பார்த்து, என்னையும் கூப்பிடவில்லையே என்று மனம் நொந்தவன் நான். பதினைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

இனி யாழ்ப்பாணக் கதைக்கு வருகிறேன். அம்மா உனக்கு அரைவாசிதான் சொல்லியிருப்பாள். என் மானத்தைக் காப்பாற்ற மீதியை விழுங்கியிருப்பாள். நீ புதுக்குடியிருப்புக்குத் திரும்பிப் போனதும் நான் யாழ்ப்பாணத்தில், காசு கட்டி டொக்டர்மாரைப் பார்க்கிற ஒரு சனல் சென்ரருக்குப் போன் எடுத்தேன். ஒரு பிள்ளை கதைத்தது. "கழுத்துக் கட்டிக்கு நல்ல டொக்டர் ஆர் இருக்கினம் பிள்ளை?" என்று கேட்டேன். "சனிக்கிழமையில ஒரு டொக்டர் வாறவர் ஐயா, அவரைத்தான் கூட ஆக்கள் சனல் பண்ணுறவை" என்று ஒரு பெயரைச் சொன்னது. கலண்டரில் குறித்துக்கொண்டேன். அம்மாவிடம், "சனிக்கிழமை யாழ்ப்பாணம் போறம், தம்பிக்குச் சொல்லவேண்டாம்" என்றேன். அவள் மாட்டேன் என்று சண்டை பிடிப்பாள் என்று ஆயத்தமாக நின்றேன். "சரி" என்றாள். அந்தச் சரி எனக்குத் தேன்போல இனித்தது. கடைசியில் என்னை நம்பி என்னோடு வருகிறாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் அவளுக்கு யன்னல் கரையில் இடம் பிடித்துக் கொடுத்தேன். ஆனையிறவு தாண்டும்போது அவளுக்குக் கச்சான் கடலையும் வாங்கிக் கொடுத்தேன்.

எங்களுடைய நம்பர் வர நான்தான் முன்னால் உள்ளே போனேன். அவளை ஒரு கதிரையில் இருத்திவிட்டு, அவளுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நான் கதைக்கத் தொடங்கினேன். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு. "டொக்டர், எங்கட பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில ஒரு டொக்டர் இவவை ஒருக்கால் பாத்திட்டு வெட்டவேணும் எண்டு சொல்லிப்போட்டார். வடிவாப் பாத்தாரோ தெரியாது. அவைக்கு ஒரு நாளைக்கு நூறு பேர், அவசரம். அதுதான் நல்ல ஒரு டொக்டரிட்டக் கேப்பமெண்டு வந்தனாங்கள்" என்றேன். பின்னால் இருந்து அம்மா என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். நான் கையைத் தட்டிவிட்டு இன்னும் இரண்டு வசனம் சொன்னேன். அவள் மறுபடி இழுத்தாள். டொக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேசையில் நான் வைத்த கிளினிக் கொப்பியைத் திறந்து, கடைசியாக எழுதியிருந்த பக்கத்தைத் தடவிப் பார்த்து, "இது என்ர எழுத்துத்தான் ஐயா. அந்த டொக்டர் நான்தான்" என்றார்.

செவ்வாய்க்கிழமை அரசாங்கக் கிளினிக்கில் இருக்கிறவரேதான் சனிக்கிழமை யாழ்ப்பாணத்தில் சனல் பண்ணுகிறவர். எங்கள் நாட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் நான் அவருடைய முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. கிளினிக் டொக்டரின் பெயர் இன்னதென்றும் தெரியாது. அம்மாவுக்கு அவர் "பெரிய டொக்டர்", அவ்வளவுதான். பெயர் தெரிந்த ஆள் நீ ஒருவன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கக்கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவு தூரம் போனேன். என் முகத்தில் அப்போது ஈயாடியிருக்காது. எழும்பிப் போய்விடலாமா என்று கதவைப் பார்த்தேன்.

அந்த மனிதர் சிரித்தார், ஆனால் பகிடியாகச் சிரிக்கவில்லை. "இன்னொருத்தரிட்டக் கேக்க நினைச்சதில ஒரு பிழையும் இல்லை ஐயா. இப்பிடிப்பட்ட வருத்தத்துக்குக் கேக்கத்தான் வேணும். ஆனா அது என்னைத் தவிர வேற ஆளா இருக்கவேணும்" என்றார். பிறகு விளங்கப்படுத்தினார். இது நாளைக்கே வெட்டித் தள்ள வேண்டிய வருத்தமில்லை, ஒரு மாதம் பொறுக்கலாம், ஆனால் பயத்தில் வருடக்கணக்காக ஒளித்து வைக்க முடியாது. ஊசியால் எடுத்த கண்ணாடித் தகடுகள் ஆஸ்பத்திரியில் இருக்கின்றன, தான் கடிதம் தந்தால் அவற்றை எடுத்து வேறு ஆட்களிடம் காட்டலாம். அதே கையோடு கடிதமும் எழுதினார். எழுதிக்கொண்டே, நிமிராமல், "அம்மா, நீங்கள் அண்டைக்கும் ஒண்டும் கேக்கேல்லை. இண்டைக்கும் ஐயாதான் கதைக்கிறார். உங்களுக்கு என்ன கேக்கவேணும்?" என்றார்.

நான் கதிரையை விலத்தினேன். அவள் எனக்குப் பின்னால் இருந்தாள், டொக்டருக்கு அவளுடைய முகமே தெரிந்திருக்காது. அவள் கைலேஞ்சியைச் சுருட்டிக்கொண்டு, "என்ர குரல் போயிடுமோ டொக்டர்?" என்று கேட்டாள். "நான் முன்பள்ளி ரீச்சர். முப்பத்திரண்டு பிள்ளையள். கதை சொல்லவேணும், பாட்டுப் படிப்பிக்கவேணும், றோட்டுக்கு ஓடினாக் கத்திக் கூப்பிடவேணும். சத்தம் இல்லாமல் நான் என்ன செய்யிறது?" டொக்டர் பேனையை வைத்தார். குரலுக்குரிய நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டிக்கொண்டுதான் போகிறது, அதைக் காப்பாற்றத்தான் பார்ப்போம், அனேகமாகக் குரல் வந்துவிடும், சிலருக்குக் கொஞ்ச நாள் கரகரக்கும், எங்கேயோ ஒருவருக்குப் பழையபடி வராமலும் போகலாம், அதை நான் ஒளிக்க மாட்டேன் என்றார். பிறகு, "நேர்ஸ் உங்களை இரத்தம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போன நேரம் உங்கட மகனிட்ட இதையெல்லாம் சொன்னனானே. அவர் உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். "அதை நான் உங்களிட்ட நேர சொல்லியிருக்கவேணும் அம்மா. அதில என்ர பிழையும் இருக்கு" என்றார் அவர்.

இந்த இடத்தில்தான் என்னைப் பற்றிக் கேவலமான ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குச் சந்தோஷம் வந்தது. மனைவி குரல் போய்விடும் என்று நடுங்கிக்கொண்டிருக்கிறாள், எனக்கு உள்ளே ஒரு துள்ளல். அவனும் பார்க்கவில்லை! கழுத்தைக் கண்டவன் அதற்குள் இருந்த பயத்தைக் காணவில்லை! தெரிந்துகொண்டும் அவளுக்கு ஒளித்திருக்கிறான்! தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷம் சனல் சென்ரர் படியால் இறங்கும்வரை இருந்தது. படியில் அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "வெட்டவேணும் எண்டு சொன்ன நாளில இருந்து இதை ஆரிட்டக் கேக்கிறதெண்டு தெரியாமல் இருந்தனான். தம்பியிட்டக் கேட்டா அவன் பயப்பிடுவான். உங்களிட்டக் கேட்டா நீங்கள் சத்தம் போடுவியள்" என்றாள். அப்போதுதான் விளங்கியது. யாழ்ப்பாணம் போகிறோம் என்றதும் அவள் சரி என்று சொன்னது என்னை நம்பி இல்லை. யாராவது ஒருவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடலாம் என்றுதான் வந்திருக்கிறாள். நீ அவளைப் பயப்படுத்தக்கூடாது என்று மறைத்தாய். நான் உன்னை வெல்ல வேண்டும் என்று கத்தினேன். நாங்கள் இரண்டு பேரும் அவளை யார் கூட்டிக்கொண்டு போவது என்று இழுபட்டோமே தவிர, போக விருப்பமா என்று அவளைக் கேட்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கொடிகாமம் தாண்டும்போது அவள்தான் தொடங்கினாள். "சுத்திச் சுத்திச் சுப்பற்ற கொல்லைக்குள்ள" என்று, சுற்றிப் போயும் அதே ஆளிடம் போய் நின்றதைச் சொல்லிச் சிரிக்கத் தொடங்கியவள், "நல்ல ஒரு டொக்டரிட்டக் கேப்பமெண்டு வந்தனாங்கள்" என்று என்னைப்போலவே சொல்லிக் காட்டி, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தாள். முன்னால் இருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவள் சிரிக்கிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தச் சத்தத்துக்கு என்ன ஆகப்போகிறதோ என்று நினைத்தேன். அதுவரை எனக்கு அவளுடைய குரல் என்று ஒன்று தனியாக இருப்பதே தெரியாது.

அந்தக் கடிதத்தோடு கண்ணாடித் தகடுகளை எடுத்துக்கொண்டு போய், இந்தமுறை பெயரை இரண்டுதரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, வேறொரு டொக்டரிடம் காட்டினோம். ஒரு பெண் டொக்டர். நான் வெளியே இருக்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "வாங்கோ, ஆனா வாயைத் திறக்காதேங்கோ" என்றாள். திறக்கவில்லை. அந்த டொக்டர் தகடுகளைத் திரும்பவும் பரிசோதிக்கக் கொடுத்து, இரண்டு கிழமை கழித்து வரச் சொன்னார். முந்தநாள் போனோம். இரண்டாவது ஆளும் அதையேதான் சொன்னார். அதே நோய், அதே ஒப்பரேசன், அதே குளிசை. நீ சொன்னதுதான் சரி. உனக்கு அதில் பெருமை வரட்டும், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கசந்தது, மறைக்கவில்லை. ஆனால் அம்மாவுக்குக் கசக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "இப்பதான் எனக்குச் சரி. முதல் நீங்கள் ரெண்டு பேரும் என்னைக் கொண்டுபோறியள் எண்டு கிடந்துது. இப்ப நான் போறன்" என்றாள். அந்த இரண்டாவது டொக்டரால் அவளுடைய நோயில் ஒன்றும் மாறவில்லை. அவள் மாறியிருக்கிறாள். அது தேவையில்லாத அலைச்சல் என்று நீ நினைத்தால், ஒருமுறை அவளிடம் கேட்டுப் பார்.

உனக்குப் புத்தி சொல்லுகிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் தகப்பனுக்கு வாய் சும்மா இராது. நாளைக்கு உனக்கும் கலியாணமாகும், உன் வீட்டிலும் யாருக்காவது வருத்தம் வரும். முதல் டொக்டர் சொன்னதும் தலையாட்டிவிடாதே. இன்னொருவரிடம் கேட்க வெட்கப்படாதே, முதல் டொக்டரிடமே அதற்கு வழி கேள். ஆனால் யாருக்காகக் கேட்கிறாய் என்பதை ஒருமுறை உனக்குள் பார்த்துக்கொள். வருத்தக்காரர் என்ன கேட்க விரும்புகிறார் என்று கேட்காமல் வீட்டுப் படி இறங்காதே. முன்னால் இருந்து தேத்தண்ணி குடிக்கிறவளை நிமிர்ந்து பார். நான் இப்போது பார்க்கிறேன். முந்தநாள் அவள், "என்னப்பா இப்பிடி முழுசிக்கொண்டிருக்கிறியள், கண்பட்டிடும்" என்று பேசினாள்.

இனி வியாழக்கிழமை. நீ வர வேண்டும். டொக்டர் சொல்வதை நீதான் கேட்க வேண்டும், பயம் வந்தால் எனக்குக் காது அடைத்துவிடும். கையெழுத்து வைப்பதை அம்மாவே வைப்பாள், அதை நாங்கள் இரண்டு பேரும் தள்ளி நின்று பார்ப்போம். ஒப்பரேசன் முடிந்து அவளை வாட்டுக்குக் கொண்டுவந்தபிறகு, பார்க்க விடுகிற நேரத்தில் ஒரு முறைக்கு ஒரு ஆளைத்தான் விடுவார்களாம், விசாரித்துவிட்டேன். நீ இளம் ஆள், கெதியாக நடப்பாய், நேர்ஸ்மாரோடு கதைத்து முதலில் உள்ளே போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் இப்போதே கேட்கிறேன், முதலில் என்னை விடு. அந்த நேரம் நீ கன்ரீனுக்குப் போய்த் தேத்தண்ணி குடி. அவள் கண் திறந்து சொல்லுகிற முதல் சொல்லை, அது கரகரத்து வந்தாலும் சரி, வெறும் காற்றாக வந்தாலும் சரி, நான்தான் கேட்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் எனக்கு விட்டுத்தா. அது அனேகமாக "தம்பி எங்க?" என்றுதான் இருக்கும். இருந்தாலும் அதை நான் கேட்க வேண்டும்.

உன் அப்பா